ஃபோம் வாளுக்கு ‘டங்’ சத்தம் கொடுப்பது யார்? நகோயாவில் ஒரு காஸ்ப்ளே நடை!

இரண்டரை நிமிடம். சூடாக வந்த ஃபில்டர் காபியை ஆற்றிக் குடித்து முடிக்கவே போதாத நேரம். அந்த இரண்டரை நிமிடத்துக்காக மாதக்கணக்கில் வெட்டி, ஒட்டி, தைத்து, பெயின்ட் அடித்து, பெரிய பெரிய பெட்டிகளோடு விமானம் ஏறுகிறார்கள் பல நாட்டு இளைஞர்கள். அவர்கள் வந்து இறங்கும் ஊர், ஜப்பானின் நகோயா.

டோக்கியோவிலிருந்து ‘நொசோமி’ புல்லட் ரயிலில் ஏறினால், சுமார் 1 மணி 40 நிமிடத்தில் நகோயா வந்துவிடும். டொயோட்டா கார் நிறுவனம் இருக்கும் அய்ச்சி மாகாணத்தின் தலைநகரம் இது. வேலை, வேலை என்று ஓடும் தொழில் நகரம், கோடை வந்தால் மட்டும் கொஞ்சம் வேஷம் கட்டிக்கொள்கிறது. காரணம், ‘வேர்ல்டு காஸ்ப்ளே சம்மிட்’.

காஸ்ப்ளே என்றால் என்ன என்று கேட்கும் அப்பா, அம்மாக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். காமிக்ஸ், கார்ட்டூன், வீடியோ கேம் ஆகியவற்றில் வரும் பாத்திரங்களைப் போல உடையணிந்து, அந்தப் பாத்திரமாகவே நடந்துகொள்வதுதான் காஸ்ப்ளே. ‘காஸ்ட்யூம்’, ‘ப்ளே’ இரண்டையும் ஒட்டவைத்த சொல். ஜப்பானியரான நொபுயுகி தகஹாஷி 1983-ல் ஒரு அனிமே பத்திரிகையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அங்கிருந்து உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது.

நகோயா விழாவைத் தொடங்கியது ‘டி.வி. அய்ச்சி’ என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி. 2003-ல் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலியிலிருந்து கலைஞர்களை அழைத்தார்கள். 2005-ல் அது நாடுகளுக்கு இடையிலான போட்டியாக மாற, முதல் கோப்பையை இத்தாலி தட்டிச் சென்றது. அணிக்கு 2 பேர். உடையைச் சொந்தமாகத் தயாரித்திருக்க வேண்டும். பாத்திரம் ஜப்பானியப் படைப்பிலிருந்து வர வேண்டும். மேடையில் கிடைப்பதோ அந்த இரண்டரை நிமிடம்தான்.

டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. எனக்கு இந்தப் போட்டியில் உடையைவிட இன்னொரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னால் ஓடும் ஆடியோவும் வீடியோவும்! எங்கள் வேலையில் தப்பு நடந்தால் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம். மேடையில் அது நடக்காது. ஒரே ஃபைல், ஒரே ஓட்டம். அதைத் தயார் செய்வது எப்படி? அந்தக் கேள்வியோடுதான் இந்த நகோயா நடை. வாங்க, கூடவே நடக்கலாம்.

காபிக்கு டோஸ்ட் இலவசம், நேரத்துக்குக் கணக்கு கட்டாயம்

நகோயாவின் காபிக் கடைகளுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. காலையில் காபி ஆர்டர் செய்தால், கூடவே டோஸ்ட்டும் அவித்த முட்டையும் வரும். பெரும்பாலும் காபி விலை மட்டும்தான். இதற்கு ‘மார்னிங்’ என்றே பெயர். நிதானமாக உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

மேடைக்கான ஆடியோ வேலை கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை. இப்படி ஒரு நோட்டில்தான் தொடங்குகிறது. இரண்டரை நிமிடம் என்றால் 150 நொடி. பாத்திரங்கள் யார் என்று காட்ட 20 நொடி, அவர்களுக்குள் என்ன பிரச்னை என்று சொல்ல 30, மோதலுக்கு 50, திருப்பத்துக்கு 30, முடிவுக்கு 20 என்று பிரித்துப் பாருங்கள். முடிந்துபோயிற்று! ‘பிடிச்ச பாட்டைப் போட்டுக்கிட்டு ஆடலாம்’ என்று நினைத்தவர்களுக்கு இங்கேயே வேர்க்கும். கதையை எழுதி, அதற்கு நொடிக்கணக்கில் இடம் ஒதுக்கிய பிறகுதான் இசையைத் தேட வேண்டும். இசையை முதலில் எடுத்தால், கதை அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டே போகும்.

வசனத்துக்கு இன்னும் கறாரான கணக்கு. பிரேசில், மெக்ஸிகோ, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா என்று வெவ்வேறு மொழி பேசும் நாடுகள் இங்கே கோப்பை வென்றிருக்கின்றன. எதிரே உட்கார்ந்திருப்பவர்களோ பெரும்பாலும் ஜப்பானியர்கள். வசனத்தை மட்டும் நம்பினால் பாதிக் கூட்டம் வேடிக்கை பார்க்கும். ஒரு பெருமூச்சு, ஒரு கதவு சாத்தும் சத்தம், தூரத்தில் அழும் குழந்தை... இவற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

ஃபுஷிமி: கட்டை தட்டும் கலை

நகோயா ஸ்டேஷனிலிருந்து ஹிகஷியாமா சப்வேயில் ஒரே ஒரு ஸ்டாப், ஃபுஷிமி. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ‘மிசோனோஸா’ அரங்கம் இங்கேதான் இருக்கிறது. இடித்துப் புதிதாகக் கட்டி 2018-ல் மீண்டும் திறந்தார்கள். ஜப்பானின் பாரம்பர்ய நாடகமான கபுகிக்குப் பேர்போன இடம்.

கபுகி மேடையின் ஓரத்தில் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார். கையில் இரண்டு மரக்கட்டைகள், முன்னால் ஒரு பலகை. நடிகர் ஓடும்போதும், வாள் வீசும்போதும், கண்ணை உருட்டி அப்படியே உறைந்து நிற்கும்போதும் ‘பட்... படபட... பட்டார்!’ என்று பலகையில் தட்டுவார். இதற்கு ‘ட்ஸுகே’ என்று பெயர். நம் தெருக்கூத்தில் அடவுக்கு மத்தளம் கூடவே ஓடுமே, கிட்டத்தட்ட அந்த வேலை. அசைவுக்கு எடை கொடுப்பது சத்தம்தான் என்பது இவர்களுக்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

காஸ்ப்ளே மேடையிலும் இதுதான் முதல் பாடம். அந்தப் பிரமாண்டமான வாள் இரும்பு அல்ல, லேசான ஃபோம். கவசமும் ஃபோம் அல்லது சூட்டில் வளையும் பிளாஸ்டிக். இரண்டு வாள்கள் மோதினால் ‘டங்’ வராது, ‘பொத்’ என்றுகூட வராது. ஆக, அந்த ‘டங்’ ஆடியோவிலிருந்து வந்தாக வேண்டும். வாள் மோதும் அதே நொடியில் வந்தாக வேண்டும். கால் நொடி தள்ளி வந்தால், சோகக் காட்சியிலும் கூட்டம் சிரித்துவிடும்.

இதில் ஒரு வித்தியாசம். கபுகியில் கட்டை தட்டுபவர் நடிகரைப் பார்த்துத் தட்டுகிறார். நடிகர் தாமதித்தால் அவரும் தாமதிப்பார். ஃபைல் அப்படிக் காத்திருக்காது. அதனால், இங்கே நடிகர்கள்தான் சத்தத்தைப் பிடித்து ஆட வேண்டும். அனுபவசாலிகள் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் காற்றைக் கிழிக்கும் ஒரு ‘விஷ்ஷ்’ வைக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது வாள் வீசும் ஓசை. ஆடுபவர்களுக்கு, ‘அடுத்து அடி வருது, தயாரா இரு’ என்ற ரகசியத் தகவல்.

இந்தச் சத்தங்களுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. சினிமாவில் ‘ஃபோலி’ என்று சொல்லும் வேலையை வீட்டுச் சமையலறையிலேயே செய்யலாம். எவர்சில்வர் தட்டின் விளிம்பில் கரண்டியால் தட்டினால் வாள். இரண்டு கொட்டாங்கச்சிகளை மாற்றி மாற்றித் தட்டினால் குதிரைக் குளம்பு. துணிப்பையில் சோளமாவை நிரப்பி அமுக்கினால் பனியில் நடக்கும் சத்தம். இவையெல்லாம் உலகம் முழுக்க ஒலிக் கலைஞர்கள் காலகாலமாகச் செய்துவரும் வித்தைகள். விடுமுறையில் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள், மொபைல் கேமை மறந்துவிடுவார்கள்.

ஓசு: சத்தத்தின் நடுவே அமைதி தேடி

ஃபுஷிமியில் ட்ஸுருமாய் லைனுக்கு மாறினால், அடுத்த ஸ்டாப் ஓசு கன்னோன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் சிவப்பு வண்ணக் கோயில். வாசலில் பெரிய சிவப்பு லாந்தர், படி முழுக்கப் புறாக்கள். வேறோர் ஊரிலிருந்த இந்தப் புத்தக் கோயிலை 1612-ல் தொகுகவா இயேயாசு இங்கே இடம் மாற்றினார். கன்னோன் என்பது வேறு யாருமில்லை, நம் அவலோகிதேஸ்வரர்தான். உலகத்தின் அழுகுரலைக் கேட்டு இரங்குபவர் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். காதைப் பற்றிய கட்டுரைக்குப் பொருத்தமான கோயில்!

கோயிலை ஒட்டி ஓசு கடைத்தெரு. மேலே கூரை போட்ட நீளமான சந்துகள், நூற்றுக்கணக்கான கடைகள். பழைய கிமோனோ, பொரித்த கோழி, எலெக்ட்ரானிக்ஸ், பொம்மை, விக் என்று நம் ரங்கநாதன் தெருவும் ரிச்சி தெருவும் கைகோத்த மாதிரி இருக்கும். விழா நாள்களில் காஸ்ப்ளே கலைஞர்கள் ஊர்வலமாக நடந்து போவதும் இதே தெருக்களில்தான். சிறகு முளைத்த தேவதை ஒருவர் பொரித்த கோழிக் கடை வாசலில் வரிசையில் நிற்பதை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தெருவின் இரைச்சல் கேட்கக் கேட்க உற்சாகம்தான். ஆனால், வசனம் பதிவு செய்ய இதற்கு நேர்மாறான இடம் வேண்டும். ஹெல்மெட்டும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, கையில் ஆயுதத்தோடு, மேடையில் மைக் பிடித்துப் பேச முடியாது. அதனால் குரலை முன்பே பதிவு செய்து ஓடவிடுவதுதான் காஸ்ப்ளே மேடைகளின் வழக்கம்.

ஸ்டூடியோ தேவையா? வேண்டாம். வீட்டில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதன் முன்னால் நின்று பேசினால் போதும். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். ஃபேன், ஏ.சி, ஃப்ரிட்ஜ் மூன்றும் அமைதியாக இருக்க வேண்டும். போன் அல்லது மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேருக்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் காற்று மோதி ‘புஸ்’ என்று அடிக்கும். பேசத் தொடங்குவதற்கு முன் 10 நொடி சும்மா இருந்து அறையின் அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னணி இரைச்சலை நீக்கும்போது ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்குக் காட்ட அந்த 10 நொடி உதவும். ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளே இதற்கெல்லாம் தாராளம்.

குரலும் இசையும் சேர்ந்த பிறகு ஒரு பரீட்சை வையுங்கள். அடுக்களையில் மிக்ஸி ஓடும்போது போனில் ஆடியோவைப் போட்டுப் பாருங்கள். வசனம் புரிந்தால் பாஸ். இன்னொரு பரீட்சையும் அவசியம். போன் ஸ்பீக்கரில் ‘பேஸ்’ ஓசை கேட்கவே கேட்காது. அரங்கின் பெரிய ஸ்பீக்கரிலோ அது நெஞ்சில் வந்து இடிக்கும். போனில் மட்டும் கேட்டுவிட்டு முரசு சத்தத்தைக் கூட்டி வைத்தால், அரங்கில் வசனம் அதன் அடியில் புதைந்துவிடும். ஹெட்போன், கார், டி.வி என்று குறைந்தது மூன்று விதமான ஸ்பீக்கர்களில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஒயாசிஸ் 21: வெளிச்சத்தோடு ஒரு சண்டை

ஓசுவிலிருந்து வடக்கே 20 நிமிட நடையில் சகாயே. நகரின் நடுமையம். 1954-ல் கட்டிய 180 மீட்டர் டி.வி. கோபுரத்தின் அருகே, தரையிலிருந்து 14 மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடித் தட்டு மிதப்பது போல இருக்கும். மேலே தண்ணீர் ஓடும். ‘நீர் விண்கலம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2002-ல் திறந்த ‘ஒயாசிஸ் 21’ வளாகம் இதுதான். கூரைமேல் ஏறி நடக்கலாம், கட்டணம் இல்லை. கீழே, தரைமட்டத்துக்கும் கீழே இறங்கிய திறந்த சதுக்கம். காஸ்ப்ளே விழா பல ஆண்டுகளாக நடக்கும் இடம்.

இங்கே நின்றால் வீடியோவின் முதல் எதிரி யார் என்று புரியும். வெளிச்சம்! கோடையில் மாலை 7 மணி வரை வானம் வெளுத்துக் கிடக்கும். இருட்டறையில் லேப்டாப்பில் பார்த்து ரசித்த கறுப்புக் குகை, நிலா வெளிச்சக் காடு எல்லாம் இப்படிப்பட்ட இடத்தில் வெறும் சாம்பல் திரையாகிவிடும். உள்ளரங்கில் ப்ரொஜெக்டர் என்றாலும் மேடை விளக்குகள் திரையைக் கழுவிவிடும். அதனால் நிறங்களைச் சற்றுத் தூக்கலாகவும் உருவங்களைப் பெரிதாகவும் வைப்பது பாதுகாப்பு.

எல்.இ.டி. திரை என்றால் பிரச்னை தலைகீழ். பின்னால் வெள்ளைத் திரை பளீரென்று எரிந்தால், முன்னால் நிற்பவர் வெறும் நிழலாகத் தெரிவார். ஆறு மாதம் கையால் தைத்த எம்ப்ராய்டரி, நம் கண் முன்னாலேயே காணாமல் போகும். வீடியோவின் வேலை ஆளைக் காட்டுவது, ஆளை மறைப்பது அல்ல.

திரையின் நடுவே, கீழ்ப்பாதியில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது. அங்கேதான் ஆட்கள் நிற்பார்கள். பெயர், கோட்டை, பறவை எதுவானாலும் மேல்பாதியில் இருக்கட்டும். ஓரத்திலும் ஒட்டக் கூடாது. சில திரைகளில் விளிம்பு வெட்டுப்படும். எங்களைப் போல ரீல்ஸ் எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேடைத் திரை படுக்கைவாட்டம். செங்குத்தாக எடுத்த வீடியோ இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு பரிதாபமாக நிற்கும். 16:9 அளவில், 1920 × 1080 தரத்தில் செய்வது பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். ‘டாவின்சி ரிசால்வ்’ மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் இதைச் செய்யலாம்.

வீடியோவால் மட்டுமே முடிகிற ஒரு மாயமும் உண்டு. மேடையில் உடை மாறும் காட்சி. 5 நொடி திரை முழுக்கக் கறுப்பாகி, இடி முழங்கி, ஒரு மின்னல் வெட்ட, பிச்சைக்காரர் இளவரசராக நிற்பார். அந்த 5 நொடியைக் கூட்டம் கடக்க உதவுவது இடிச் சத்தம். வீட்டில் 5 நொடியில் உடை மாறினால், ஃபைலில் 7 நொடி வையுங்கள். மேடையில் விரல் நடுங்கும், கொக்கி மாட்டாது.

ஆர்ட்ஸ் தியேட்டர்: கைத்தட்டலுக்கு ஓர் இருக்கை

ஒயாசிஸுக்குப் பக்கத்திலேயே அய்ச்சி ஆர்ட்ஸ் சென்டர். அதன் பெரிய அரங்கில் சுமார் 2,500 இருக்கைகள், அடுக்கடுக்கான மாடங்கள். காஸ்ப்ளே இறுதிச்சுற்று நடந்த மேடைகளில் இதுவும் ஒன்று.

இவ்வளவு பெரிய அரங்கில் ஓர் இயற்பியல் வேடிக்கை நடக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் 10-ல் ஒரு பங்கு நொடி தாமதமாகப் போய்ச் சேரும். நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் அது 3 ஃப்ரேம். ஆகவே, உதட்டசைவு மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்த வேண்டும் என்று தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். பின்வரிசைக்குத் தெரிவது உதடு அல்ல, உடம்பு. தோளும் கையும் தலையும் வசனத்தோடு சேர்ந்து அசைந்தால் போதும்.

மேடையில் நிற்பவர்களுக்கு வேறு கஷ்டம். பெரிய ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து இருக்கும், ஆடுபவர்களுக்கு முதுகைக் காட்டும். அதோடு ஹெல்மெட்டும் காதை அடைக்கும். மெல்லிய வயலினை நம்பி அடியெடுத்து வைத்தால் தொலைந்தோம். முக்கியமான ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால் முரசு, மணி என்று உறுதியாகக் காதில் விழும் ஓர் ஓசையை வைப்பதற்குக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, ஃபைலில் எதுவும் இல்லாத இடம். உள்ளே நுழைந்ததும் உடையைப் பார்த்துக் கூட்டம் கைத்தட்டும். 3, 4 நொடியாவது ஆகும். அங்கே வசனம் வைத்தால் அது கைத்தட்டலில் கரைந்துபோகும். கதையின் முதல் முடிச்சே யாருக்கும் கேட்காது. அங்கே இசை மட்டும் இருக்கட்டும். சண்டை முடிந்ததும் மூச்சு வாங்க 2 நொடி. நகோயா கோடை லேசுப்பட்டதல்ல. 2018 ஆகஸ்ட் 3 அன்று, அந்த ஆண்டின் காஸ்ப்ளே விழா நடந்துகொண்டிருந்த வாரத்தில், இங்கே பதிவான வெப்பம் 40.3 டிகிரி! அந்த வெயிலில் கவசம் மாட்டிய உடம்புக்கு இந்த 2 நொடி பெரிய கொடை. வாள் நழுவினால் எடுக்கவும், கால் இடறினால் நிமிரவும் அதே இடைவெளி கைகொடுக்கும்.

மெஷின் யாருக்காகவும் நிற்காது. அதனால், மனிதர்கள் நின்று மூச்சுவிட இடத்தை நாம்தான் முன்கூட்டியே அதற்குள் செய்து வைக்க வேண்டும். அந்த ஃபைலைத் தயார் செய்பவர் மேடைக்கு வருவதே இல்லை. ஆனாலும், தடுமாறும் நண்பரை அவர் வைத்த 2 நொடி தாங்கிப் பிடிக்கிறது.

நம் ஊர் ஆண்டு விழாவுக்கும் ஆகும்!

சென்னையில் முதன்முதலாக 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் நடந்தது. அங்கேயும் வேஷம் கட்டிய இளைஞர்கள் குவிந்தார்கள். காமிக் கான் பக்கம் போகாதவர்கள்கூட, பள்ளி ஆண்டு விழாவில் பென் டிரைவோடு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் பக்கத்தில் கவலையாக நின்றிருப்பார்கள். இரண்டு மேடைக்கும் பொருந்தும் சில விஷயங்கள் இதோ:

* வசனம், இசை, வீடியோ எல்லாவற்றையும் ஒரே எம்.பி.4 ஃபைலாகச் சேர்த்துவிடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டு பேர் இரண்டு நேரத்தில் பட்டனை அமுக்குவார்கள்.

* தொடக்கத்தில் 2 நொடி கறுப்பும் அமைதியும் இருக்கட்டும். முடிவிலும் சில நொடி கறுப்பு வேண்டும். இல்லையென்றால் உருக்கமான கடைசிக் காட்சிக்குப் பிறகு யாரோ ஒருவரின் லேப்டாப் வால்பேப்பர் திரையில் தெரியும். போட்டி என்றால், இந்த நொடிகளும் நேரக் கணக்கில் வருமா என்று விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

* ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் லாஸ்ட்’ என்றெல்லாம் பெயர் வேண்டாம். வரிசை எண், அணியின் பெயர், நிகழ்ச்சியின் பெயர் மட்டும் போதும். பென் டிரைவில் அந்த ஒரே ஃபைல்தான் இருக்க வேண்டும்.

* இரண்டு பென் டிரைவ்கள். ஒன்று உங்களிடம், மற்றொன்று வேறு ஒருவரின் பையில். போனிலும் ஒரு பிரதி.

* வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

* அடுத்தவரின் பாட்டைப் பயன்படுத்தினால் அனுமதி பற்றி அமைப்பாளரிடம் முன்பே கேளுங்கள். நேரலை ஓடும்போது அந்தப் பாட்டால் ஒலி தானாகவே நிறுத்தப்படலாம்.

* ஒத்திகையை முழு உடையோடு, ஹெல்மெட்டோடு, அதே ஃபைலை ஓடவிட்டுச் செய்யுங்கள். வெறும் டி-ஷர்ட்டில் சரியாக வந்த நேரம், 5 கிலோ கவசத்தில் வராது.

நகோயா போனால், மாலையில் ஒயாசிஸ் கூரைமேல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். விழா நாள்களாக இருந்தால் கீழே சதுக்கத்திலிருந்து மைக் டெஸ்ட்டிங் சத்தம் மேலே வரும். ஒரு முரசு, ஒரு வாள் மோதல், நடுவில் கொஞ்சம் மௌனம். எதுவுமே இல்லாதது போலத் தோன்றும் அந்த மௌனத்தையும் யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஊரில் துணி அலமாரி முன்னால் உட்கார்ந்து, நொடி எண்ணி வைத்திருக்கிறார்.